வாடிக்கையாளர் பில்லைக் கட்டாவிட்டால் ஃபிரான்சைஸில் நஷ்டம் யாருக்கு?

கோயம்புத்தூரில் ஒரு துப்புரவுப் பணி நிறுவனத்தின் ஃபிரான்சைஸை எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் நிறுவனமே பிடித்துத் தரும். பில்லும் அதுவே போடும். வசூலும் அதுவே செய்யும். 20 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை மாதாமாதம் உங்களுக்கு அனுப்பும். ஆட்களை வைத்து வேலையை முடித்துக் கொடுப்பது உங்கள் பாடு. ஒப்பந்த வரைவில் உறுத்தும் ஒரு பிரிவையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்: வாடிக்கையாளர் 90 நாட்களில் பணம் தராவிட்டால், உங்களுக்கு ஏற்கெனவே அனுப்பிய தொகை அடுத்த மாதக் கணக்கில் கழித்துக்கொள்ளப்படும். இது சட்டப்படி செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. யாருக்குக் கடனில் வேலை செய்வது என்று முடிவெடுப்பவர்கள் அவர்கள். அந்தக் கடன் வராமல் போனால் இழப்பவர் மட்டும் ஏன் நீங்கள்?

நான் வழக்கறிஞர் அல்ல, ஆடிட்டர். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு தொழில்களின் கணக்கைப் பார்த்து வருகிறேன். அவர்களில் ஃபிரான்சைஸ் எடுத்தவர்கள் பலர். உங்கள் ஒப்பந்தத்தை முழுதாகப் பார்க்காமல் சொல்லும் பதில் இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், சந்தேகமில்லாத விஷயம். ஃபிரான்சைஸுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் நீங்கள் கையெழுத்திடும் காகிதமும்தான் அடிப்படை. அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர், கையெழுத்துக்கோ பணம் வாங்குவதற்கோ 14 நாட்களுக்கு முன்பே விரிவான வெளிப்படுத்தல் ஆவணம் ஒன்றைத் தந்தாக வேண்டும். என்னென்ன கட்டணம், எதன் மீது கணக்கிடப்படும், யார் யார் மீது வழக்கு நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். இங்கே அப்படி ஒரு கடமை யாருக்கும் இல்லை. நீங்கள் எடுக்கப்போவது அமெரிக்காவிலும் கடை விரித்திருக்கும் பெயராக இருந்தால், கலிஃபோர்னியா, மின்னசோட்டா போன்ற மாநில அரசுகளின் இணையதளத்தில் அந்த ஆவணம் இலவசமாகக் கிடைக்கும். அங்கே வசூலாகாத பில்லை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு இங்கே பேரம் பேசலாம்.

ஐஸ்கிரீம் கடையோ டீக்கடையோ எடுப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை. கல்லாவில் காசு விழுந்த பிறகுதான் பொருள் கைமாறும். கடனுக்கு வேலை செய்யும் சேவைத் தொழில்களில்தான் இது வரும்: துப்புரவு, காவல், ஆள் அனுப்புதல், கூரியர்.

இப்படிப்பட்ட ஒப்பந்தம் மேசைக்கு வந்தால் நான் மூன்று இடங்களை மட்டும் தேடிப் பிடித்து முதலில் படிப்பேன். பில் யார் பெயரில்? பணம் யார் கணக்கில் விழுகிறது? நிறுவனத்தின் சதவீதம் பில் போட்ட தொகைக்கா, வசூலான தொகைக்கா? மற்றப் பக்கங்களில் 'பங்குதாரர்', 'குடும்பம்' என்று என்ன எழுதியிருந்தாலும், நஷ்டம் இந்த மூன்று விடைகளின் வழியாகத்தான் வந்து சேரும்.

உங்கள் விஷயத்தில் பில் நிறுவனத்தின் பெயரில் போகிறது. அப்படியானால் மருத்துவமனைக்கும் உங்களுக்கும் இடையில் ஒப்பந்தமே இல்லை. மருத்துவமனை நிறுவனத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. நிறுவனம் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. பணம் வராவிட்டால் மருத்துவமனை மீது நீங்கள் நேரடியாக வழக்குப் போட முடியாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் 'நீங்கள் யார்?' என்றுதான் பதில் வரும். இதோடு 90 நாள் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். நஷ்டம் உங்களுக்கு வருகிறது. வசூலிக்கும் உரிமை அவர்களிடமே இருக்கிறது. அந்த வரைவில் என்னை உறுத்துவது பணத்தைக் கழிப்பதை விட இந்தப் பொருத்தமின்மைதான். பில் உங்கள் பெயரிலேயே போய், நிறுவனம் உங்களுக்காக வசூல் மட்டும் செய்தால் கதை வேறு. அப்போது நிறுவனம் உங்கள் முகவர். வசூலித்ததற்குக் கணக்குக் காட்டவும் அதை உங்களிடம் ஒப்படைக்கவும் ஒப்பந்தச் சட்டத்தின் 213, 218ஆம் பிரிவுகள் அதைக் கட்டுப்படுத்தும். வராக்கடன் முழுவதும் உங்களுடையதுதான், ஆனால் கடனாளியைத் துரத்தும் உரிமையும் உங்களுடையது.

தொகையாகப் பார்த்தால்தான் வலி தெரியும். ஒரு மருத்துவமனையின் மாத பில் வரி நீங்கலாக 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்துக்கு 20,000, உங்களுக்கு 80,000. அதில் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்த்து 62,000. ஃபினாயில், துடைப்பான், குப்பைப் பை வகையில் 8,000. உங்கள் கையில் நிற்பது 10,000. ஒரே ஒரு மாத பில் வராமல் போனால் உங்கள் சட்டைப் பையிலிருந்து போவது 70,000. அந்த மருத்துவமனையில் ஏழு மாதம் உழைத்துச் சேர்த்த லாபம் அது. அந்த 20,000 ரூபாயையும் பில் போட்ட தொகையின் மீது கணக்கிட்டுப் பிடித்துக்கொண்டால் இழப்பு 90,000 ஆகிவிடும். இதற்கு நடுவே காலண்டர் நிற்காது. ஆட்களுக்கு 7ஆம் தேதிக்குள் சம்பளம், 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. மருத்துவமனை 60 நாளில் தருமா, 90 நாளில் தருமா என்பது உங்கள் மேற்பார்வையாளருக்கோ பெருக்கும் அம்மாவுக்கோ தெரிய வேண்டியதில்லை.

இதே ஏற்பாடு அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கவரால் நார்த் அமெரிக்கா என்ற அலுவலகத் துப்புரவு நிறுவனம் ஃபிரான்சைஸ்களை விற்றது. வாடிக்கையாளருக்கு அது பில் போடும். துப்புரவு செய்தவருக்கு முன்கூட்டியே பணம் தரும். வாடிக்கையாளர் தராவிட்டால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கிட்டத்தட்ட உங்கள் வரைவில் உள்ள பிரிவேதான். வழக்கு மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2011இல் அந்த நீதிமன்றம் சொன்னது: வேலையைச் செய்து முடித்ததும் ஊதியம் சம்பாதிக்கப்பட்டுவிட்டது, வாடிக்கையாளர் தரும்வரை அதைத் தள்ளிப்போடவோ, அவர் தரவில்லை என்று பிடித்துக்கொள்ளவோ முடியாது, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது. இதைப் படித்துவிட்டு உடனே சந்தோஷப்பட வேண்டாம். வழக்குப் போட்டவர்கள் பெயருக்கு ஃபிரான்சைஸ் எடுத்தவர்களாக இருந்தாலும் சட்டப்படி தொழிலாளர்களே என்று கீழ்நிலை நீதிமன்றம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. தீர்ப்பு நின்றது ஊதியச் சட்டத்தின் மேல். அதே மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் செவன் லெவன் கடைகளை நடத்துபவர்கள் விஷயத்தில், அவர்கள் தாய் நிறுவனத்துக்காக வேலை செய்பவர்கள் அல்லர் என்று வேறு பக்கம் சொல்லிவிட்டது. தானே துடைப்பத்தைப் பிடித்து வேலை செய்பவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, நாற்பது பேரை வைத்து வேலை வாங்கப்போகும் உங்களுக்கு எந்த நாட்டிலும் எளிதில் கிடைக்காது.

நமக்குப் பயன்படுவது வேறொரு சட்டம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006. உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு) பதிவு செய்த குறு அல்லது சிறு நிறுவனம் சேவை செய்து கொடுத்தால், வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், எப்படியும் 45 நாட்களுக்கு மிகாமல் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 15 நாட்கள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. இந்தப் பிரிவுகள், தங்களுக்கு முரணான வேறு சட்டங்களை மீறி நிற்கும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. பில் நிறுவனத்தின் பெயரில் மருத்துவமனைக்குப் போகிறது என்றால், உங்கள் பில் நிறுவனத்துக்குப் போகிறது. அதாவது உங்களிடம் சேவை வாங்குபவர் நிறுவனம்தான். மருத்துவமனை தந்ததா இல்லையா என்பது அவர்களுக்குள் இருக்கும் கணக்கு. 46ஆம் நாளிலிருந்து வட்டி ஓட ஆரம்பிக்கும் என்று வாதிட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. புகாரை இணையத்தில் பதிந்து இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கக் கோயம்புத்தூரிலேயே இருக்கும் வசதியாக்க மன்றத்தின் முன் கொண்டுபோகலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நிறுவனம் நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். இந்த ஒன்றுக்காகவே பலர் சமரசத்துக்கு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி, சந்தேகமான இடத்தைச் சொல்கிறேன். நிறுவனத்தின் வக்கீல் என்ன வாதிடுவார் என்பது எனக்கு இப்போதே காதில் விழுகிறது: 'இவர் எங்களுக்குச் சேவை விற்கவில்லை, எங்கள் பெயரைப் பயன்படுத்தித் தன் தொழிலை நடத்துகிறார், நாங்கள் வருமானத்தைப் பகிர்கிறோம்.' ஒப்பந்தம் 'வருவாய்ப் பகிர்வு' என்ற நடையில் எழுதப்பட்டிருந்தால் இந்த வாதத்துக்கு எடை இருக்கும். நீங்கள் மாதாமாதம் நிறுவனத்தின் பெயருக்கு ஜி.எஸ்.டி. பில் போட்டு, அதில் உத்யம் எண்ணையும் அச்சிட்டிருந்தால் உங்கள் பக்கம் கனம் கூடும். பதிவைக் கையெழுத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். வேலை தொடங்கிய பிறகு பதிவு செய்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டா என்பதில் உச்ச நீதிமன்றம் வரை சண்டை நடந்திருக்கிறது. அந்தச் சண்டையில் நீங்கள் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

ஜி.எஸ்.டி.யைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் பெரும்பாலானவர்கள் அங்கேதான் இரண்டாவது அடி வாங்குகிறார்கள். பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில் போட்ட மாதத்துக்கு வரி கட்டியாக வேண்டும். உங்கள் 80,000 ரூபாய்க்கு 14,400. கடன் வராக்கடன் ஆகிவிட்டது என்று பிறகு அந்த வரியைத் திரும்பக் கேட்க நம் சட்டத்தில் வழியில்லை. பிரிட்டனில் இருக்கிறது, இங்கே இல்லை. பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் போட்டுச் சரிக்கட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். பில் தொகை கூடுதலாகப் போய்விட்டாலோ சேவையில் குறை இருந்தாலோ அதற்கு இடமுண்டு. பணம் வரவில்லை என்ற காரணத்துக்கு இடமில்லை. ஆனால் இதே சட்டத்தில் உங்களுக்கு ஒரு பிடியும் இருக்கிறது. உங்கள் பில்லுக்கு நிறுவனம் 180 நாட்களுக்குள் பணம் தராவிட்டால், அந்த பில்லின் மீது எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை, அதாவது உங்கள் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.யைத் தன் வரியில் கழித்துக்கொண்டதை, அது வட்டியோடு திருப்ப வேண்டும். வருமான வரியிலும் அப்படித்தான்: 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாட்களைத் தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு இதை நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். மற்ற மாதங்களில் எடுக்காத தொலைபேசியை எடுப்பார்கள்.

நேரில் பார்த்த இரண்டைச் சொல்கிறேன். திருப்பூரில் ஒருவர் கூரியர் ஃபிரான்சைஸ் நடத்தினார். பனியன் ஏற்றுமதி அலுவலகங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் சாம்பிள் பார்சல்கள்தான் அவருக்கு முக்கிய வரும்படி. பார்சலைப் பதிவு செய்த நொடியே அவர் கட்டியிருந்த முன்பணத்திலிருந்து கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதியாளரோ மாத பில்லை இரண்டு மாதம் கழித்துப் பார்ப்பார். ஒரு நாள் கம்ப்யூட்டரில் பாக்கிப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். ஒரே அலுவலகத்தின் பாக்கி மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த அலுவலகம் பூட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. கம்பெனி இதில் ஒரு ரூபாய் கூட இழக்கவில்லை. குறைந்தபட்சம் அந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்க முடிவு செய்தவர் அவரேதான். அவர் யாரையும் குறை சொல்லவில்லை.

இரண்டாவது உங்கள் தொழில்தான். ஒரு வாடிக்கையாளருக்குப் பல ஊர்களில் கிளை. எல்லா ஊருக்கும் சேர்த்து நிறுவனத்தோடு ஒரே ஒப்பந்தம். வேறோர் ஊரில் ஏதோ பொருள் காணாமல் போன தகராறில், வாடிக்கையாளர் எல்லா ஊர் பில்லையும் நிறுத்திவிட்டார். இங்கே வேலையில் ஒரு குறையும் இல்லை; கையெழுத்திட்ட வருகைத் தாள்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. நிறுவனம் கடைசியில் 30 சதவீதம் தள்ளுபடி கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. புது ஊர்களிலும் அந்த வாடிக்கையாளரின் வேலை நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது. அந்தத் தள்ளுபடியை எல்லா ஃபிரான்சைஸ்காரர்கள் கணக்கிலும் பங்கு போட்டு டெபிட் நோட் அனுப்பியது. அடுத்தவர் பணத்தில் கொடுக்கும் தள்ளுபடி யாருக்கும் கை கூசாது. வாடிக்கையாளரால் தர முடியாமல் போவதைவிட, நிறுவனம் தன் உறவைக் காப்பாற்றிக்கொள்ள வலிக்காமல் விட்டுக்கொடுப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் 90 நாள் பிரிவில் 'தர முடியாத', 'தர மறுத்த', 'நிறுவனமே விட்டுக்கொடுத்த' என்ற மூன்றும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. அதைப் பிரிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எப்படிப் பிரிப்பது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் பணத்தைக் கழிக்கும் பிரிவை அடியோடு எடுக்கச் சொல்லிக் கேட்பேன். எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தே கேட்பேன். பிறகு இறங்கி வருவேன். என் வேலையில் குறை என்று வாடிக்கையாளர் பத்து நாட்களுக்குள் எழுத்தில் சொன்னால் மட்டும் அந்த அளவுக்குக் கழிக்கலாம். வேறு ஊர்த் தகராறும், என் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கொடுத்த தள்ளுபடியும் என் கணக்கைத் தொடக்கூடாது. வாடிக்கையாளர் உண்மையிலேயே நொடித்துப் போனால் வருமானத்தைப் பங்கிடும் அதே விகிதத்தில் இழப்பையும் பகிரலாம், அந்த பில்லுக்கான 20 சதவீதத்தை நிறுவனமும் இழக்க வேண்டும். நிறுவனத்தின் சதவீதம் வசூலான தொகைக்கு மட்டுமே. ஒரு வாடிக்கையாளரின் பாக்கி இரண்டு மாத பில்லைத் தாண்டினால் நான் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். அது ஒப்பந்த மீறல் ஆகாது. கடைசி வேண்டுகோள்தான் எல்லாவற்றையும்விட முக்கியம்: ஒரு பில்லை என் கணக்கில் கழித்த அன்றே, அந்தக் கடனை வசூலிக்கும் உரிமையை எனக்கு எழுத்து மூலம் மாற்றித் தர வேண்டும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 130ஆம் பிரிவு இதற்கு வழி தருகிறது. நஷ்டத்தைக் கொடுப்பவர் அதோடு சாவியையும் கொடுக்கட்டும். வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் காலவரையறை பில் கெடுவிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், பாக்கியை ஒப்புக்கொள்ளும் ஒரு கடிதத்தையோ மின்னஞ்சலையோ வாடிக்கையாளரிடமிருந்து ஆண்டுக்கொருமுறை நிறுவனம் வாங்கி வைக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வணிகவியல் படித்திருந்தால் 'டெல் கிரடர் கமிஷன்' நினைவிருக்கலாம். சரக்கை விற்றுத் தரும் முகவர், வாங்கியவர் பணம் தராவிட்டாலும் தான் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டு, அதற்காகத் தனியாக வாங்கும் கமிஷன் அது. இடர் ஏற்பதற்கு ஒரு விலை உண்டு என்பது இந்தத் தொழிலில் பழைய அறிவு. உங்களிடம் பிடிக்கும் 20 சதவீதம் எதற்கு என்று கேளுங்கள். பெயருக்கும் வாடிக்கையாளரைப் பிடித்துத் தருவதற்கும் மட்டும் என்றால், இடரை நீங்கள் சுமக்கும்போது அது அதிகம். இடருக்கும் சேர்த்து என்றால், 90 நாள் பிரிவுக்கு அங்கே வேலை இல்லை.

இன்னொரு இடர் பற்றி ஒரு சொல். வாடிக்கையாளர் ஒழுங்காகத் தந்து, நிறுவனமே நொடித்தால்? உங்கள் பணம் அவர்கள் பொதுக் கணக்கில் கலந்து கிடக்கும். திவால் சட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்தின் மீது நடவடிக்கை தொடங்க ஒரு கோடி ரூபாயாவது பாக்கி இருக்க வேண்டும். உங்களைப் போன்றவர்கள் தனியாக அந்தக் கதவைத் தட்டக்கூட முடியாது. வசூல் தனிக் கணக்கில் விழுந்து உங்கள் பங்கு தானாகப் பிரிந்து வரும் ஏற்பாட்டை வங்கிகள் செய்து தருகின்றன. பெரிய வாடிக்கையாளர்களுக்காவது அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்தைத் திருத்தும் வலு உங்களுக்கு இல்லாமல் போகலாம். புதிதாக வருபவருக்காக அச்சடித்த தாளை மாற்ற மாட்டோம் என்று சொல்லிவிடுவார்கள். அப்போதும் இரண்டு காகிதங்களைக் கேட்கலாம். உங்களுக்குத் தரப்போகும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் கடந்த 12 மாதங்களில் எத்தனை நாளில் பணம் கட்டினார் என்ற பட்டியல் ஒன்று. கடந்த ஆண்டு மற்ற ஃபிரான்சைஸ்காரர்கள் கணக்கில் இந்தப் பிரிவைக் காட்டிக் கழித்த மொத்தத் தொகை இன்னொன்று. இரண்டாவதைத் தர மறுத்தால், அந்த நிறுவனத்தின் ஃபிரான்சைஸை ஈரோட்டிலோ சேலத்திலோ நடத்தும் ஒருவரைத் தேடிப்பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பட்டியல் அவர் வாயாலேயே வந்துவிடும்.